'எ' என்று எழுதிய மூடிகள்

ரூடா, ஏப்ரல் 27

எர்வின்,

இது சமாதானக் கடிதம் இல்லை. உன் மச்சான் சாவுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, அடக்கச் சாப்பாட்டில் ஒரு வாய் சூப் கூடக் குடிக்காமல் ரயிலேறிப் போன தம்பியோடு சமாதானம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், காரியம் நடக்காது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

நிலவறையில் ஹூபெர்ட் போட்டு வைத்துவிட்டுப் போன பீர் பாட்டில்கள் வெடிக்கின்றன. ஜனவரியில் அவர் போனதிலிருந்து நான் கீழே இறங்கவே இல்லை. போன வாரம் வெயில் வந்தது. செவ்வாய்க்கிழமை கீழே ஒரு சத்தம் கேட்டது. காற்றில் ஏதோ கதவு அடித்துக்கொண்டது என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு. இறங்கிப் பார்த்தால் மரக்கதவில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்கிறது. இரண்டு பெட்டி பாட்டில் மிச்சம் இருக்கிறது.

கொட்டிவிடு என்று சொல்லாதே. அதைச் சொல்ல இங்கே ஊரே இருக்கிறது. நீயும் அவரும் எந்த பீர் போட்டாலும் மூடியில் ஒரு எழுத்து எழுதுவீர்கள் அல்லவா? கோதுமை பீர் என்றால் 'கோ', கறுப்பு என்றால் 'க'. இந்தப் பாட்டில்களின் மூடியில் 'எ' என்று எழுதியிருக்கிறார். எடிதாவுக்கு 'எ'. எனக்கு பீரே பிடிக்காது என்று உனக்குத் தெரியும். "ஒருநாள் உனக்கும் பிடிக்கிற மாதிரி ஒண்ணு போடுறேன், பார்த்துட்டே இரு" என்பார். போட்டிருக்கிறார், சொல்லாமல் போய்விட்டார்.

அதனால் அவற்றைக் காப்பாற்ற வேண்டும். எப்படி என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

எடிதா

*

க்டினியா, ஏப்ரல் 30

அக்கா,

முதலில் இதைப் படி, மற்றதை அப்புறம் படி: அந்த அறைக்குள் போகாதே. போயே தீர வேண்டும் என்றால் முகத்தை மூடாமல் போகாதே. பாட்டிலைக் கையால் தொடாதே, ஆட்டாதே, பெட்டியை நகர்த்தாதே. கனமான கம்பளி ஒன்றை நனைத்து, தூரத்தில் நின்று பெட்டிகள் மேல் போடு. ஒன்று வெடித்தால் அந்த அதிர்ச்சியில் பக்கத்துப் பாட்டிலும் வெடிக்கும். வீட்டில் பீர் போடுகிற எங்கள் ஆட்கள் இதைக் குண்டு என்றுதான் சொல்வார்கள். வேடிக்கைக்குச் சொல்வதில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. மச்சான் போட்ட பீர் இதுவரை வெடித்ததே இல்லை. வெடித்தது என்னுடையதுதான். அதை நீ மறந்திருக்க மாட்டாய். பாட்டிலுக்குள் காஸ் மிதமிஞ்சிப் போவதற்குக் காரணங்கள் கொஞ்சம்தான். அடைக்கும்போது சேர்க்கிற சர்க்கரையை நிறுக்காமல் கைக்கு வந்தபடி போட்டிருக்க வேண்டும். அல்லது பாட்டில் அழுக்காக இருந்து வேறு கிருமி புகுந்திருக்க வேண்டும். அல்லது பீர் புளித்து முடிவதற்குள் அவசரப்பட்டு அடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் மச்சான் செய்கிற ஆள் இல்லை. சர்க்கரையை மருந்துக்கடைத் தராசில் நிறுப்பார். பாட்டிலை நான் கழுவியபிறகு அவர் இன்னொரு தரம் கழுவுவார், அதுவும் என் கண் முன்னாலேயே. பீரில் மிச்சமிருக்கும் இனிப்பை அளக்கும் மிதவை மூன்று நாள் ஒரே கோட்டில் நிற்காமல் ஒரு சொட்டையும் பாட்டிலில் ஊற்றவிட மாட்டார்.

'எ' என்று நாங்கள் எந்த பீரும் போட்டதில்லை.

சூப் விஷயம்: என் தொண்டையில் இறங்கியிருக்காது. அவ்வளவுதான்.

எர்வின்

*

ரூடா, மே 6

எர்வின்,

உன் கடிதம் வருவதற்குள் இங்கே ராணுவம் வந்துவிட்டது.

புதன்கிழமை காலை இன்னொன்று வெடித்தது. மாடி வீட்டு ஹில்தா அம்மா படியில் என்னை மறித்துக்கொண்டு, "என்னடி சத்தம் அது, வீடு இடியுதா?" என்றார். "பயப்படாதீங்க, ஹூபெர்ட்டோட குண்டுதான். கீழ இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு" என்றேன். அந்தம்மாவுக்குக் காது அரைக்காது என்று உனக்குத் தெரியும். ஆனால் குண்டு என்ற சொல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. போன வருஷம் அவருடைய மகன் கிழங்குப் பாத்தியைக் கொத்தும்போது சண்டைக் காலத்து வெடி ஒன்று கிடைத்ததே, அது ஞாபகம் வந்திருக்கும். போலீசுக்குப் போன் செய்துவிட்டார்.

நான் சுரங்கத்து விளக்கு அறையில் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், தெரு அடைத்திருக்கிறது. குடியிருப்பு மொத்தமும் வீட்டுச் செருப்போடு நடைபாதையில் நிற்கிறது. சிலர் பூனைக்கூண்டோடு நிற்கிறார்கள். குண்டு எடுக்கும் படையிலிருந்து ஒருவர் தடித்த உடுப்பு மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். வெளியே வந்தபோது தலைக்கவசத்துக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது எந்த வருஷத்துக் குண்டு?"

"போன நவம்பர்."

"பார்லி மால்ட் நிறைய போட்டாரோ உங்க வீட்டுக்காரரு? எங்க கேப்டனும் வீட்டுல போடுவாரு. எங்க பொழப்பை விட அதான் ஆபத்து."

தெருவே சிரித்தது. ஹில்தா அம்மாகூடச் சிரித்தார். ஒரு பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்ற பாதிரியாரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமும் வரவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

இப்படித்தான் இருக்கிறது. போன மாதம் விளக்கு அறையில் ஹூபெர்ட்டின் விளக்கை ஒரு புது ஆளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் கொக்கியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவன் நன்றி சொன்னான். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்று உன் பாட்டில் வெடித்து அவருடைய இரண்டு விரல் மரத்துப்போனதே, சூடான தட்டைத் தொட்டாலும் தெரியாது என்பாரே, எனக்கு உள்ளே மொத்தமும் அந்த இரண்டு விரல் போலத்தான் இருக்கிறது. அடக்கம் நடந்த அன்றும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அம்மா நினைக்கிறாள்.

வீட்டு நிர்வாகம் மாத முடிவு வரை நேரம் கொடுத்திருக்கிறது. அதற்குள் பாட்டில்கள் அடங்காவிட்டால் அவர்களே வந்து உடைத்து அள்ளிக்கொண்டு போவார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும்?

எடிதா

*

க்டினியா, மே 9

அக்கா,

குண்டு எடுக்கிறவர் மால்ட் பற்றிக் கேட்டார் என்றதைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மச்சான் இருந்திருந்தால் அந்த ஆளை விட்டிருக்க மாட்டார். உட்காரவைத்து மாலை வரை மால்ட் பாடம் நடத்தியிருப்பார்.

இனி நான் எழுதுகிறபடியே செய். உன் இஷ்டத்துக்குக் குறுக்குவழி கண்டுபிடிக்காதே.

மீன் கடையில் ஐஸ் வாங்கு, நிறைய. விடியற்காலையில், அறை குளிர்ந்திருக்கும்போது போ. வெல்டிங் முகமூடி ஒன்றை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். என்னுடையதுதான், சுத்தம் செய்திருக்கிறேன். தோல் கையுறை, தடித்த கோட்டு. பெட்டிகளைச் சுற்றியும் மேலேயும் ஐஸைக் கொட்டு. இரண்டு நாள் அப்படியே விடு, உருக உருகப் புது ஐஸ் போடு. குளிர்ந்தால் காஸ் பீருக்குள்ளே போய் அடங்கும். சூட்டில் திறந்தால் பாட்டில் கழுத்தோடு போகும்.

பிறகு ஒவ்வொன்றாக. மூடியின் ஓரத்தைத் திறப்பானால் இம்மி தூக்கு. சீறும். நுரை மேலே வந்தால் விடு, இறங்கட்டும், மறுபடி தூக்கு. சீற்றம் நின்றதும் பழைய மூடியை எடுத்துவிட்டுப் புது மூடி போட்டு அழுத்து. அழுத்தும் கருவி சுவரில் தொங்கும், மூடி பிஸ்கட் டின்னில் இருக்கும். புது மூடியிலும் எழுத்தை எழுதிவிடு, வேறு பாட்டிலோடு கலந்துவிடாமல் இருக்க.

மச்சான் ஒவ்வொரு தரமும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி வைப்பார். கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று கையால் தெரியாது, பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்த்தால் தெரியும். அது மூலையில் இருக்கும். எப்படி இருக்கிறது என்று சொல்.

ஒன்றை ருசி பார். பிடிக்காவிட்டாலும் ஒரு மிடறு. புளிப்பாக இருந்தால் கிருமி. ருசி சரியாக இருந்து காஸ் மட்டும் அதிகம் என்றால் சர்க்கரை. என்ன ருசி என்று எழுது. இதை எப்போது காய்ச்சினார், எப்போது பாட்டிலில் அடைத்தார் என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுது.

எர்வின்

*

ரூடா, மே 15

எர்வின்,

முடிந்தது. உன் முகமூடிக்குள் உன் சிகரெட் நாற்றம். சுத்தம் செய்தாயாம்.

பிளாஸ்டிக் பாட்டில் கல்லாக இருந்தது. அடி உப்பி, நிற்க வைத்தால் நிற்காமல் உருண்டது. ஐஸ் போட்ட முதல் நாள் ஒன்று வெடித்தது, கம்பளி தாங்கிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாகத் தூக்கினேன். நீ எழுதியபடியே சீறியது. மீன்காரர், "என்னம்மா கல்யாணமா, இவ்ளோ ஐஸு?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

இப்போது கேள். ருசி பார்த்தேன்.

இனிப்பாக இருக்கிறது எர்வின். கசப்பு பின்னால் கொஞ்சம்தான். தேன் போட்ட ரொட்டி மாதிரி இருக்கிறது. நீங்கள் குடிக்கிற அந்தக் கசப்புக் கஷாயம் மாதிரி இல்லவே இல்லை. எனக்குப் பிடித்தது. நிலவறைப் படியில் உட்கார்ந்து, வெல்டிங் முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, முழுப் பாட்டிலையும் குடித்தேன். உனக்குப் பிடிக்கிற மாதிரி போடுகிறேன் என்றவர் போட்டேவிட்டார். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று உள்ளே இளகியது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பக்கத்து வீடு.

காய்ச்சியது அக்டோபர் நடுவில். கிழங்கு தோண்டி முடித்த வாரம், வீடெல்லாம் மால்ட் வாசனை. அடைத்தது கல்லறைத் திருநாள் முடிந்து சில நாளில். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் கீழே பாட்டுப் பாடிக்கொண்டு அடைத்தார். அவர் பாடி நீ கேட்டிருக்கிறாயா?

புது மூடிகளில் இன்னும் எழுத்து எழுதவில்லை. பேனாவில் மை காய்ந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

உதவிக்கு நன்றி. சூப் விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

எடிதா

*

க்டினியா, மே 18

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் உன் கண் போகும். அதனால் எழுதுகிறேன்.

பீர் இனிப்பாக இருப்பது மச்சான் இனிப்பாகப் போட்டதால் இல்லை. புளித்து முடியவில்லை, அதனால் இனிப்பு. ஈஸ்ட் தின்ன வேண்டிய சர்க்கரையில் பாதி இன்னும் உள்ளேயே இருக்கிறது. குளிரில் ஈஸ்ட் தூங்கிப்போயிற்று. இப்போது வெயில் வந்ததும் எழுந்து மறுபடி தின்ன ஆரம்பித்திருக்கிறது. நீ காஸை எடுத்துவிட்டாய், தீனியை எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் மறுபடி அதே குண்டு ஆகிவிடும். வாராவாரம் ஐஸ் போட்டு, வாராவாரம் திறந்து மூட வேண்டும், இனிப்பு போகும் வரை. போனபிறகு அது உனக்குப் பிடிக்காது. எங்கள் கசப்புக் கஷாயமாகத்தான் இருக்கும்.

குளிர்ந்த அறையில் போடும் கனத்த பீருக்கு இரண்டு மாதம் ஆகும். அக்டோபர் நடுவில் காய்ச்சியதை மச்சான் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடக்கூட மாட்டார். நவம்பர் முதல் வாரத்தில் அடைத்திருக்கிறார் என்றால் மிதவை பாதிக் கோட்டில்தான் நின்றிருக்கும். அவருக்கு அது தெரியும். தெரிந்தே அடைத்திருக்கிறார். பாட்டிலில் அடைத்தபிறகும் ஒரு மாதமாவது இருந்தால்தான் குடிக்க முடியும். ஆக அவருக்கு டிசம்பர் முதல் வாரம் பீர் வேண்டியிருந்தது.

கல்லறைத் திருநாளன்று அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அம்மா உங்களிடம் ஏதாவது சொன்னாளா? சுரங்கக்காரர்களின் பார்பரா திருநாளுக்கு நான் ஊருக்கு வருகிறேன் என்று அவளிடம்தான் போனில் சொல்லியிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும்.

அந்த எழுத்து உன்னுடையதாக இருக்கட்டும் என்று எனக்கும் ஆசைதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

எர்வின்

*

ரூடா, மே 22

எர்வின்,

சொன்னாள். நான் பூச்சாடிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன், ஹூபெர்ட் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தார். "எர்வின் பார்பராவுக்கு வரானாம், உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னான்" என்றாள். அவர் கையில் குச்சி விரல் வரை எரிந்தது. மரத்த விரல் என்பதால் தெரியவில்லை என்று நினைத்தேன்.

டிசம்பர் நாலாம் தேதி, பார்பரா அன்று, என்ன நடந்தது தெரியுமா? விடியும் முன்னே பேண்டு வாத்தியம் தெருவில் போனது. அவர் கறுப்புச் சீருடையும் இறகுத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றார். ஊர்வலம் போனார், வந்தார், மறுபடி ஜன்னலில் நின்றார். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் சிவப்புக் கோஸும் ஆறிப்போயின. "யாரையாவது எதிர்பாக்குறீங்களா?" என்று கேட்டேன். "பேண்டு திரும்பி வருதான்னு பாக்குறேன்" என்றார். பேண்டு ஒரு வருஷமும் இந்தத் தெரு வழியாகத் திரும்பி வந்ததில்லை. அது எனக்கு இன்றுதான் உறைக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் அவசரத்தில் அந்தப் பாட்டில் அவர் கையில் வெடித்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னிடம் சொன்னாரே, "உனக்குக் காத்திருக்கத் தெரியாதுடா. தெரியாதவன்கூட இனி பீர் போட மாட்டேன்" என்று. அப்படிச் சொன்ன மனுஷன் உனக்காகக் காத்திருக்க முடியாமல் பச்சை பீரை அடைத்திருக்கிறார். பாட்டு வேறு பாடிக்கொண்டு.

நீ வரவில்லை.

ஜனவரியிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது தோன்றுகிறது. கோபம். உன் மேல், அவர் மேல், அந்த ஒற்றை எழுத்தின் மேல். பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டை வேண்டுமென்றே போட்டு உடைத்தேன். ஹில்தா அம்மா மேலேயிருந்து, "இன்னொண்ணா?" என்று கத்தினார்.

எனக்குக் கிடைத்த ஒரு இனிப்பையும் எடுத்துக்கொண்டுவிட்டாய். பதில் எழுதாதே.

எடிதா

*

க்டினியா, மே 25

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

டிசம்பரில் கப்பல் வேலை முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கதவைத் திறந்து என்ன சொல்வாரோ என்று பயந்தேன். பீர் அடைத்துவைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாவுக்கு வந்தபோது கூட எனக்கு அவர் கோபமாகவே போய்விட்டார் என்றுதான் நினைப்பு. அதனால்தான் கடைசி வரிசை.

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தத் தீக்குச்சியை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. வேலையில் இரண்டு தரம் தப்பாக வெல்டிங் வைத்தேன், மேஸ்திரி வீட்டுக்குப் போகச் சொன்னார்.

மாத முடிவுக்குள் பாட்டில்கள் அடங்காது. உன்னால் தனியாக முடியாது. சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நிர்வாகத்தில் நான் பேசிக்கொள்கிறேன். வாராவாரம் திறந்து மூட வேண்டும், மிதவை மூன்று நாள் ஒரே கோட்டில் நிற்கும் வரை. ஒரு மாதம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். இருப்பேன். வீட்டில் இடம் இல்லை என்றால் அம்மா வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

அதுவரை கீழே போகாதே.

எர்வின்

*

ரூடா, மே 29

எர்வின்,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேராது என்று தெரியும். உன் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன், போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இதை வாயால் சொல்ல வராது. மேஜையில் வைக்கிறேன், வந்து படித்துக்கொள்.

கீழே போனேன். முகமூடி போட்டுக்கொண்டுதான் போனேன், கத்தாதே. ஐஸ் போட்டு, இரண்டாம் தடவை திறந்து மூடினேன். சீற்றம் முன்னைவிடக் கம்மி. ஒன்றும் வெடிக்கவில்லை.

மூடிகள் வெறுமையாக இருந்தன. கடையில் புதுப் பேனா வாங்கியிருந்தேன். எழுத்தை எழுதாவிட்டால் கலந்துவிடும் என்று நீதானே சொன்னாய். 'எ' என்று எழுதக் கை போகவில்லை. எனக்கென்று எழுதினால் பொய். உனக்கென்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை, மன்னித்துக்கொள். அங்கே பலகையில் பழைய மூடிகள் ஒரு டின் நிறைய இருந்தன. இத்தனை வருஷத்து பீர். தரையில் கொட்டிப் பார்த்தேன். கோதுமைக்கு, கறுப்புக்கு, அம்மா பிறந்தநாளுக்கு, பாதிரியாருக்கு, ஹில்தா அம்மாவின் மகன் கல்யாணத்துக்கு என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு எழுத்து இருக்கிறது.

அவருடைய எழுத்து ஒரு மூடியில்கூட இல்லை.

அதனால் 'ஹூ' என்று எழுதினேன். எல்லாவற்றிலும். பாதிக்கு மேல் போனபோது எழுத்து கோணலாகிவிட்டது, ஏனென்றால் முகமூடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே நனைந்துவிட்டது. கழற்றாமலேயே எழுதி முடித்தேன். நீ வரும்போது அதைக் காயவைத்திருப்பேன்.

இனிப்பு போவதற்குள் இன்னும் ஒரு பாட்டில் குடிக்க எனக்கு ஆசை. அதற்கு மட்டும் கணக்குக் கேட்காதே. மற்றதையெல்லாம் நீ சொல்கிறபடி காத்திருந்து திறக்கலாம்.

உன் படுக்கையை உள் அறையில் போட்டிருக்கிறேன். அம்மா வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். அடுப்பில் சூப் இருக்கிறது.

அக்கா